ஞானையன் மேஸ்திரியின் முதற்பலன்

எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் கூறும் பொறுப்பு பதினொரு ஆண்டுகளாக என்னுடையதாக இருந்தது. வாழைக்குலையாயினும் சேவலாயினும் பொருளின் பெயரை மட்டும் சொல்லி ஏலத்தில் விடுவது எனக்கு வழக்கமன்று. ஒவ்வொன்றையும் உயர்த்திப் பிடித்து, ஒரு குறள் வெண்பாவைப் பாடிய பின்னரே விலை கேட்பேன். பூசணிக்காய்க்கு நான் பாடியது இது:

பாறை கிடந்தென்னப் பந்தல் படர்ந்தீன்ற
பூசணி காணீர் புகழ்.

இதன் ஈற்றில் 'புகழ்' எதற்காக வந்து நிற்கிறது என்று சபையில் ஒருவரும் கேட்டதில்லை. அது இல்லாவிட்டால் வெண்பா முடியாது என்பதைத் தவிர எனக்கும் வேறு காரணம் தெரியாது. நான் யாப்பை ஆசிரியரிடம் கற்றவனல்லன். தேங்காய்க் களத்தில் உட்கார்ந்து நானே படித்தவன். ஆகையால் என் பிழைகளுக்கு எந்த ஆசிரியரும் பொறுப்பாளியாகார்.

ஞானையன் மேஸ்திரியைப் பற்றி எழுதத் தொடங்கி என்னைப் பற்றியே எழுதிவிட்டேன். ஏலத்திலும் இப்படித்தான் நிகழும்.

ஞானையன் போர்க்காலத்தில் அஸ்ஸாமுக்குச் சென்று பட்டாள வண்டிகளைப் பழுது பார்த்தவர். திரும்பி வந்து பாறசாலைச் சாலையோரம் ஓலை வேய்ந்த ஒரு ஒர்க்ஷாப்பு வைத்திருந்தார். அது நின்ற மண்ணும் பிறருடையது. அவருக்கு ஒரு தெங்கு கிடையாது. ஒரு மூடு மரச்சீனிக் கிழங்கு கிடையாது. பண்டிகை வரும்போதெல்லாம் நிலமுள்ளவர்கள் விளைச்சலைத் தலையில் சுமந்து வருவார்கள். நிலமில்லாதவர்கள் ஓர் உறையில் காசு வைத்து உண்டியலில் இடுவார்கள். மேசைமேல் வைத்துப் பெயர் சொல்லி ஜெபிக்கப்படுவது விளைச்சல் மட்டுமே, உறைக்குப் பெயரில்லை. ஏழு ஆண்டுகள் உறை இட்ட ஞானையனுக்கு, தம் பெயர் ஒருமுறையேனும் அந்த மேசையருகே சொல்லப்பட வேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு. நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழகத்தோடு சேர வேண்டுமென்ற கிளர்ச்சி எங்கள் பக்கமெங்கும் மூண்டிருந்தது. மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு பாறசாலையில் போலீஸ் வந்து தங்கிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. 'எல்லை அந்தாதி' என்று நூறு செய்யுள் இயற்றி, மெழுகுத்துணி அட்டை போட்டுக் கட்டி, கூட்டந்தோறும் பாடி வந்தேன். பத்தாம் செய்யுளுக்குள் கூட்டம் சாயாக்கடைக்குப் போய்விடும். எனினும் நூறையும் முடிக்காமல் நான் மேடையை விட்டு இறங்கியதில்லை.

அந்நாட்களில் ஞானையன் போலீஸார் ஆட்களை அள்ளிச் செல்லும் இடிவண்டியின் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தார். அதற்காக ஒரு வாரம் அவரோடு பேசாமலிருந்தேன். அவர் தாமாக வந்து காரணம் சொன்னார்:

"அண்ணே, அந்த வண்டி பள்ளிக்கூடத்து ரோட்டுலயாக்கும் ஓடுது. பிரேக்கு இல்லாம விட்டா ஆருமேல ஏறும்? நம்ம பிள்ளைகமேல."

நான் எல்லை அந்தாதியைப் பிரித்துத் தேடினேன். நூறு செய்யுளிலும் பிரேக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

பண்டிகைக்கு மூன்று நாள் முன், வியாழக்கிழமை காலையில், காணிக்கைப் பொருள்களை வாங்கிப் பெயரெழுத, சபைச் செக்ரட்டரியான நானும் ஆராதனை நடத்தும் உபதேசியார் பொன்னுதாசும் ஆலயத்தின் பக்க அறையில் இருந்தோம். ஞானையன் குளித்து வெள்ளை வேட்டி உடுத்து வந்தார். கையில் துணியால் பொதிந்த ஒரு பொருள். மேசைமேல் வைத்து அவிழ்த்தார். சாணை தீட்டிய கத்திபோலப் பளபளத்த ஒரு பெட்ரோல் பம்பு. வண்டியின் தொட்டியிலிருந்து பெட்ரோலை இறைத்து இயந்திரத்துக்கு ஊட்டுகின்ற உறுப்பு அது.

"இது என்னது, ஞானையா?"

"முதற்பலன், அண்ணே."

"முதற்பலன் என்றால் முதலில் விளைந்ததைத் தேவனுக்குக் கொடுப்பது."

"இதும் விளைஞ்சதுதான். மூணு செத்த பம்ப அறுத்து ஒண்ணைப் பிழைக்க வச்சேன். உடம்பு ஒண்ணுக்க, வால்வு ஒண்ணுக்க, லிவரு ஒண்ணுக்க. ரெண்டு மாசம் பிடிச்சு. எனக்க கையில முதல்ல பிறந்தது இதாக்கும்."

நான் எழுந்து நின்றேன். நிலம் விளைத்தவை ஒரு வகை, உயிர் ஈன்றவை மற்றொரு வகை, உலோகம் இவ்விரண்டிலும் அடங்காது என்று வகுத்தும் தொகுத்தும் கால்மணி நேரம் எடுத்துரைத்தேன். ஆலயத்தில் எண்ணெய் வாடை வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். உபதேசியார் பொன்னுதாஸ், "செக்ரட்டரி சென்னா செரியாத்தான் இரிக்கும்," என்று கூரையைப் பார்த்தார்.

உண்மைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்த இடிவண்டி. மற்றொன்று அதைவிட வெட்கக்கேடானது: பம்புக்கு என்னிடம் வெண்பா இல்லை. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே 'எரிநெய் இறைப்பி' என்று ஒரு சொல்லை உண்டாக்கி, விரல்விட்டுச் சீர் எண்ணிப் பார்த்தேன். அடுத்த சீர் வரவில்லை. ஆகவே காணிக்கையைத் தள்ளினேன்.

ஞானையன் பம்பைத் திரும்பப் பொதிந்தார். அவர் முகம் சிறுத்துவிட்டது.

"செரி அண்ணே. நீரு எடுக்கல்லண்ணாலும் நான் நேர்ந்தது நேர்ந்ததாக்கும். இனி இதை ஆருக்கும் விக்கமாட்டேன்."

சனிக்கிழமை, ஒவ்வோர் ஆண்டும் செய்வதுபோல, ஆரியங்கோட்டுப் பக்கம் வாழும் சபையாரின் காணிக்கைகளை ஏற்றிவர என் பிக்கப் வண்டியை எடுத்துச் சென்றேன். அது பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. தேங்காய் ஏற்றுவதற்காக வாங்கியிருந்தேன். என் மனைவி சுகிர்தபாயும் உடன் வந்தாள். கோழிகளை என்னை நம்பி விடமாட்டாள். பன்னிரண்டு குலை, பூசணி, சேனை, கால் கட்டிய கோழிகள், ஓர் ஆடு ஆகியவற்றோடு திரும்புகையில் கொல்லயில் என்னும் ஊரின் ஏற்றத்தில் வண்டி இருமிற்று. மறுபடி இருமிற்று. நின்றுவிட்டது.

ஞானையன் பழுது பார்த்ததைப் பலமுறை அருகில் நின்று கண்டவனாதலால், எனக்கும் தெரியும் என்று எண்ணியிருந்தேன். பானெட்டைத் திறந்து பம்பைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் வட்டமான சவ்வு, டயப்ரம் என்பது, குறுக்கே கிழிந்திருந்தது. கெட்டியான துணி ஒன்று வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தேன். இருக்கையின்மேல் எல்லை அந்தாதி கிடந்தது. அதன் மெழுகுத்துணி அட்டையை வட்டமாக வெட்டினேன்.

சுகிர்தபாய் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அந்த நோட்டுக்கு ஒடுக்கத்துல ஒரு உபகாரம் வந்துதே," என்றாள்.

வண்டி முப்பது அடி ஓடியது. பிறகு திறந்து பார்த்தபோது, மெழுகுத்துணி பெட்ரோலில் ஊறி, பாயசத்தில் விழுந்த பப்படம்போலக் குழைந்திருந்தது. என் செய்யுளைக் கேட்ட கூட்டத்தைப் போலவே அந்த அட்டையும் பாதி வழியில் விலகிக்கொண்டது.

வேறு பம்பு வாங்க நெய்யாற்றின்கரைக்கோ குழித்துறைக்கோ போகலாம். ஆனால் அன்று கடையடைப்பு. பஸ்ஸும் ஓடவில்லை. அக்கடையடைப்புக்கு ஒருவர் விடாமல் ஆதரவு தரவேண்டுமென்று முந்தைய நாள் சந்தையில் நின்று பாடியவன் நான்தான்.

வெயிலில் நடந்து ஒர்க்ஷாப்புக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, ஞானையன் உள்ளே மரச்சீனி தின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கையில ஒரே பம்புதான் உண்டு. அதைத் தர பற்றாது அண்ணே."

"விலை எவ்வளவானாலும்..."

"விலையா காரியம்? நேர்ந்த சாமானம். கோயில் மேசையில ஏறணும், பேரு சொல்லணும், ஏலத்துல போணும். எடுத்தவன் சென்னா நான் மாட்டித் தருவேன். அதுக்கு முன்ன எனக்க பெண்டாட்டி கேட்டாலும் இல்ல."

"சரி, ஏற்றுக்கொள்கிறேன்."

"பாட்டும் வேணும்."

"என்ன?"

"பூசணிக்காய்க்குப் படிச்சீரே, அதுபோல ஒண்ணு. பூசணிக்காயைவிட இது எதுல குறைஞ்சு போச்சு?"

ஒப்புக்கொண்டேன். ஆனால் பம்பு மேசைமேல் ஏற வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். அதற்குள் ஆலயத்தில் சேரவேண்டிய காணிக்கைகள் ஏற்றத்தில் வாடிக்கொண்டிருந்தன. ஞானையன் கையைக் கழுவினார். ஒரு பெட்ரோல் டின்னும் ஒரு ரப்பர்க் குழாயும் எடுத்துக்கொண்டார். துணியில் பொதிந்த பம்பையும் எடுத்துக்கொண்டார்.

வண்டியருகே வந்ததும் பம்பைச் சுகிர்தபாயின் மடியில் வைத்தார். பானெட்டைக் கழற்றிக் குலைகளின்மேல் போட்டு, தாம் மட்கார்டின்மேல் ஏறி அமர்ந்து, டின்னைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். பெட்ரோல் குழாய்வழியே இயந்திரத்துக்குத் தானாக இறங்கியது. பம்பு செய்யவேண்டிய வேலையை அவர் கைகள் செய்தன. நான் நடைவேகத்தில் ஓட்டினேன்.

பாறசாலைச் சந்திப்பில் போலீஸ் மறித்தது. கடையடைப்பு நாளில், எல்லைப் போராட்டக்காரன் ஒருவனுடைய வண்டியின் முன்னே ஒருவன் பெட்ரோல் டின்னைத் தூக்கிப் பிடித்து வருகிறான். எந்தக் காவலனுக்கும் வேறென்ன தோன்றும்?

"எவிடெயாடோ தீ வைக்கான் போகுன்னது?" என்று மலையாளத்தில் உறுமினார் காவலர்.

நான் கீழே இறங்கினேன். ஐயம் அகலுமாறு, காணிக்கை என்பதன் இலக்கணத்தைத் தூய தமிழில் விளக்கத் தொடங்கினேன். அவருடைய கை லத்தியை நோக்கிப் போயிற்று. நான் அடுத்த வாக்கியத்தை இன்னும் தூய்மையாக்கினேன். லத்தி மேலே வந்தது. அப்போது அவருடைய பார்வை மட்கார்டின்மேல் விழுந்தது.

"அய்யோ, இது நம்முடெ மேஸ்திரியல்லே! இதெந்து கோலமாடோ?"

"பம்பு போயி சாரே. கோயிலிலேக்கா," என்றார் ஞானையன், டின்னை இறக்காமல்.

காவலர் சிரித்து, மறித்திருந்த கழியைத் தாமே தூக்கிவிட்டார். சந்திப்பைக் கடந்தபின் சுகிர்தபாய் மடியிலிருந்த பொதியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அந்த இடிவண்டிய நன்னாக்கினதுக்கு இவருகிட்ட ஒரு வாரம் மிண்டாம நடந்தீங்க."

கியர் மாற்றுவதில் நான் மிகுந்த கவனம் செலுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பம்பு மேசையின் நடுவே, இரண்டு பூசணிக்காய்களுக்கு இடையில் இருந்தது. பொன்னுதாஸ் உபதேசியார் ஒவ்வொரு காணிக்கையையும் கொடுத்தவர் பெயரோடு சொல்லி ஜெபித்தார். "ஞானையன்... பம்பு" என்று வந்தபோது ஞானையன் கண்ணை மூடவில்லை. பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முற்றத்தில் ஏலம். பம்பை உயர்த்திப் பிடித்தேன். இரவெல்லாம் முயன்றும் என்னிடம் இருந்தது 'எரிநெய் இறைப்பி' மட்டுமே. அதைச் சொன்னேன். சபை காத்திருந்தது. மறுபடியும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கடைசியில் உரைநடையில் சொன்னேன்: "இது ஞானையன் செய்தது. கெட்டுப்போன மூன்று பம்பிலிருந்து ஒரு நல்ல பம்பு. வியாழக்கிழமை இதைக் காணிக்கையல்ல என்று தள்ளியவன் நான். இப்போது இது இல்லாமல் என் வண்டி இந்த வாசலைத் தாண்டாது. கேளுங்கள்."

ஏலம் கூறுபவன் ஏலம் கேட்கக்கூடாது என்பது எங்கள் முறை. எனக்காகச் சுகிர்தபாய் ஒரு பூசணிக்காயின் விலையில் தொடங்கினாள். ஒரு சைக்கிள்கூட இல்லாத வாழைக்காரர் சத்தியராஜ் அதைச் சேவலின் விலைக்கு உயர்த்தினார். தாமே எடுத்தார், எடுத்த கையோடு, "கோயிலுக்கே!" என்று திருப்பிக் கொடுத்தார். அருமையான குலை வந்தால் எடுத்தவர் மகிழ்ந்து அதை மறுபடியும் காணிக்கையாக்குவதும், அது மறுபடியும் ஏலம் போவதும் எங்கள் வழக்கம். என் பதினொரு ஆண்டுகளில் எக்குலையும் இருமுறைக்குமேல் திரும்பியதில்லை.

பம்பு நான்குமுறை திரும்பியது. வண்டி என்பதைத் தொட்டே பாராத தங்கபாய் ஒருமுறை எடுத்து, முத்தமிட்டுக் கொடுத்தாள். ஒவ்வொருமுறையும் நான், "ஞானையன் செய்த பம்பு, ஒரு தரம், ரெண்டு தரம்," என்று கூவினேன். பெயர் ஒருமுறை சொல்லப்பட வேண்டுமென்று விரும்பியவரின் பெயர் எத்தனைமுறை சொல்லப்பட்டதென்று எனக்கு நினைவில்லை. என் தொண்டை கட்டியது நினைவிருக்கிறது. முடிவில் ஒரு முழு ஆட்டின் விலைக்குச் சுகிர்தபாய் எடுத்தாள். "ஆடு வாங்கியிருந்தா கறியாவது வச்சிரிக்கலாம்," என்றாள், எல்லோரும் கேட்கும்படி.

ஞானையன் வேட்டியை மடித்துக் கட்டி, ஆலய முற்றத்திலேயே பம்பைப் பொருத்தினார். சபை சூழ்ந்து நின்றது. உதவுவதற்கு நான் கையை நீட்டினேன்.

"அண்ணே, கைய எடும். லிவரு எஞ்சினுக்குள்ள சுத்துத கேமுமேல இரிக்கணும். தப்பி இரிந்தா ஒடிஞ்சு போவும்."

இரண்டு போல்ட், இரண்டு குழாய். கையால் லிவரை நாலுமுறை அடித்ததும் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறி நின்றது. வண்டி முதல் சுழற்றலிலேயே பிடித்துக்கொண்டது. ஞானையன் காதைச் சாய்த்துக் கேட்டார், பிறகுதான் சிரித்தார்.

இரண்டாண்டு கழித்து எல்லைக்கோடு எங்களுக்குக் கிழக்கே, களியக்காவிளைக்கு இப்புறம் விழுந்தது. அந்தாதியின் நூறு செய்யுளும் அட்டையில்லாமல் கேரளத்தில் தங்கிவிட்டன. பம்பு இன்றும் ஓடுகிறது. ஞானையன் அதன்பின் உறை இட்டதில்லை. மறுவருடம் ஒரு டைனமோ கொண்டுவந்தார், ஏலத்தில் அதைத் தூக்கிப் பிடித்ததில் என் தோள் பிசகியது.

ஆனால் நான் வாக்குக் கொடுத்த வெண்பா இன்னும் முடியவில்லை. 'எரிநெய் இறைப்பி'யையும் கைவிட்டுவிட்டேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்பார்.

"பாட்டு ஆச்சா அண்ணே?"

"கடைசிச் சீர் அமைந்துவிட்டது, ஞானையா. 'புகழ்' என்று முடியும். மற்ற ஆறும் வரவேண்டும்."

"நல்லாருக்கே! ஒத்த வீலை மாட்டி வச்சிட்டு, வண்டி ஆச்சுண்ணு செல்லுதீரு."