வலை பிடிக்கிற லவீட்டா

முதல் வேலையாக வலையை நனைத்துவிடுவாள் லவீட்டா. மீன் கடித்திருக்காது. அவள் புருஷன் ஹாய்ட் தூண்டிலைத் தண்ணீரில் இறக்கியே இருக்க மாட்டான். அதற்குள் படகோரத்தில் குனிந்து, நீளக் காம்பு வைத்த கைவலையை ஒரு முக்கு முக்கி எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். காய்ந்த வலை காற்றில் உப்பிக்கொண்டு சட்டென்று தண்ணீரில் இறங்காதாம். மடி நனைந்து ஊறும். "ஊறட்டும். வீட்ல கொடி சும்மாதான கெடக்கு" என்பாள்.

மிதவைச் சட்டையை எல்லாரும் ஏரிக்கரைக்கு வந்து மாட்டுவார்கள். லவீட்டா வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டு, அதோடு வண்டியில் ஏறி, வழியில் இரைக் கடையில் இறங்கி, உப்பு பிஸ்கட்டும் மத்தி மீன் டப்பாவும் வாங்கிக்கொண்டுதான் டக்கர் பென்ட் ஏரிக்கு வருவாள். கடைக்காரன் சிரித்தால், "சிரி, நல்லா சிரி. நீ முழுகுறப்ப நான் மிதந்துக்கிட்டே உனக்கு டாட்டா காட்டுறேன்" என்பாள்.

அவள் பயப்படாத சங்கதி ஏரியில் எதுவும் இல்லை. சைப்ரஸ் மரக் கிளைக்கு அடியில் படகு போனால், மேலிருந்து பாம்பு விழும் என்று தொப்பியை இறுக்கிக்கொள்வாள். மேற்கே கையளவு மேகம் தெரிந்தால் இடி எண்ண ஆரம்பித்துவிடுவாள். காட்டை மூழ்கடித்து உண்டாக்கிய ஏரி என்பதால் அடியில் முழுக்க மரக்கட்டைகள். ஒன்று படகை உரசினால் போதும், "ஏசுவே!" என்று ஹாய்ட்டின் முதுகுச் சட்டையைப் பிடித்துவிடுவாள்.

"கட்டைடி அது, முதலை இல்ல."

"முதலைன்னா எனக்கென்ன பயம்? உன்னைக் கைகாட்டி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

நீச்சலும் தெரியாது. இத்தனை பயந்தவள் ஏன் வருகிறாள் என்று கேட்டால், வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது சுலபம் என்பாள். இன்னொரு காரணமும் உண்டு. அவள் வலை பிடிக்காவிட்டால் கிராப்பி மீன் படகுக்குள் வந்து சேராது.

அந்த மீனுக்கு ஊரில் காகித வாயன் என்று பேர். ஈயத் தலையும் கோழி மயிர் வாலும் வைத்த ஜிக் என்ற குட்டித் தூண்டிலைத்தான் விரும்பிக் கடிக்கும். கடித்ததும் வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து போகும். சரி, மெதுவாக விடுவோம் என்று நூலைத் தளர்த்தினால் கிழிந்த ஓட்டை வழியாக ஜிக் கழன்று விழும். மணிக்கட்டை ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும். தூண்டில் கம்பு வளைந்தபடியே இருக்க வேண்டும், நூலைச் சுற்றுகிற கை நடுவில் நிற்கக் கூடாது. நூலைப் பிடித்துத் தூக்கிப் படகில் போடப் பார்த்தால் பாதி வழியிலேயே 'தொப்'. தலை முன்னால் வரும்படி வலைக்குள் நடத்திக் கொண்டுவர வேண்டும். ஹாய்ட் இதையெல்லாம் தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவது போலச் செய்வான். கம்பைத் தாங்கியில் செருகி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். "அவனுங்க மீனா பிடிக்கிறானுங்க? கம்புக்குக் காவல் இருக்கானுங்க."

இந்த வசந்தத்தில் கரையெல்லாம் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்து, கிராப்பி முட்டையிட ஆழமில்லாத தண்ணீருக்கு வந்தபோதுதான் அந்த விபரீதம் தொடங்கியது. ஹாய்ட்டின் தூண்டிலில் என்றைக்கும் இல்லாத கடி. என்றைக்கும் இல்லாத இழப்பும். கடித்ததெல்லாம் பாதி வழியில் கழன்று போயிற்று. தூண்டில் முள்ளைக் குறை சொன்னான், மாற்றினான். நூலைக் குறை சொன்னான், மாற்றினான். கடைசியில் மாற்ற ஒன்றும் பாக்கி இல்லாமல் வலையைக் குறை சொன்னான்.

"நீ லேட்டா விட்ட."

"ஆமா. என் தப்புதான்" என்றாள் லவீட்டா.

சர்ச்சில் பாதிரியாரையே பிரசங்கத்தின் நடுவில் திருத்துகிறவள் அவள். முட்டை கருகினால் அடுப்பின் மேலும், மாவு உப்பாவிட்டால் மழையின் மேலும் பழி போடுகிறவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் ஊரே வைத்தியரைக் கூப்பிட்டிருக்கும்.

மீன் எதனால் கழன்று போகிறது என்று அவளுக்குத் தெரியும். குளிர்காலத்திலேயே பார்த்துவிட்டாள். சும்மா இருக்கும்போதும் அவனுடைய வலது கை, கட்டை விரலும் சுட்டு விரலுமாக எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து அவன் கோப்பையில் காபியைப் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. பாதி என்றால் தளும்பாது. பட்டாணியை நிறுத்திவிட்டாள், கரண்டியிலிருந்து உருண்டு ஓடுகிறது. மசித்த உருளைக்கிழங்கு, கெட்டிச் சோளக் கஞ்சி என்று கரண்டியோடு ஒட்டுகிற பண்டமாகவே சமைத்தாள்.

"பட்டாணியே காணமே இப்பல்லாம்?" என்று ஒருநாள் கேட்டான்.

"வெல ஏறிப்போச்சு."

"நம்ம தோட்டத்துலதானடி வெளயுது?"

"முயல் தின்னுடுச்சு."

அரைக் கோப்பையைப் பற்றி மட்டும் அவன் கேட்கவே இல்லை. அவன் கேட்காததுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஹாய்ட்டின் அப்பாவுக்கும் இப்படித்தான் விரலில் ஆரம்பித்தது. கடைசியில் வாய்க்குக் கொண்டுபோகிற கரண்டி காதுக்குப் போனது. ஹாய்ட்தான் ஊட்டிவிட்டான். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த மத்தியானம், "எனக்கு இது வந்தா என்கிட்டச் சொல்லாத" என்றான். இதுவரை அவன் சொல்லி அவள் கேட்டு நடந்தது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தாள். மறுமுனையில் இருந்த பெண் நல்லபடியாகத்தான் கேட்டாள், "யாருக்கும்மா பாக்கணும்?" என்று. "நம்பர் தப்பு" என்று வைத்துவிட்டாள் லவீட்டா. வைத்த பிறகும் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இப்படிப் பலமுறை.

அன்று காலை வெயில் ஏறிய நேரம். பக்கத்துக் கட்டையில் படகைக் கட்டியிருந்தான் டூயி. ஹாய்ட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன், அன்றிலிருந்தே வாயாடி.

"யோவ் ஹாய்ட்டு! ஜிக்கை என்னய்யா பண்ற? காலைலேருந்து நானும் ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறேன், ஒரு குஞ்சு எட்டிப் பாக்கல. உன் கம்பு நுனி மட்டும் உசுரு வந்த மாதிரி துடிக்குதே! அந்த ஆட்டத்தை எனக்கும் சொல்லிக்குடேன்."

மீன் ஏன் இப்படி வந்து வந்து கடிக்கிறது என்பது அப்போதுதான் லவீட்டாவுக்கு விளங்கிற்று. அந்தக் கை நடுக்கம்தான் ஜிக்கை ஆட்டுகிறது. ஹாய்ட் சிரித்தான்.

"வயசாகட்டும் டூயி. தானா வந்துரும்."

சிரித்தவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

அப்போது அவன் தூண்டில் நூல் தளர்ந்தது. கிராப்பி சில சமயம் கீழிருந்து மேலே ஏறிக் கடிக்கும். இழுப்பே தெரியாது, நூல் தொய்வதுதான் அடையாளம். ஹாய்ட் மணிக்கட்டை உயர்த்தினான். கம்பு வளைந்து நின்றது. பெரிய மீன். தண்ணீருக்கடியில் கரும்புள்ளி போட்ட வெள்ளி விலா ஒன்று புரண்டதை அவள் பார்த்தாள். நனைந்த வலை சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

"வரட்டும். நிறுத்தாம சுத்து. வரட்டும்..."

படகுக்கு ஒரு முழம் இருக்கும்போது கம்பின் நுனி உதற ஆரம்பித்தது. நூல் இறுகிற்று, தொய்ந்தது, இறுகிற்று. ஹாய்ட் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினான். நூல் மறுபடி தொய்ந்தது. ஜிக் தனியே துள்ளி வந்து படகின் பக்கவாட்டில் 'டிக்' என்று அடித்தது. விடுபட்டது தெரியாத மாதிரி மீன் ஒரு கணம் ஒருக்களித்து மேலேயே கிடந்தது. வலை அதற்கு நேர் கீழேதான் இருந்தது, தூக்கியிருந்தால் போதும். லவீட்டா மீனைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கி இறங்கிப் போய்விட்டது.

"லவீட்டாம்மா! வலையக் குடுத்தா தொட்டில்னு நெனச்சுத் தூங்கிட்டீங்களா?" என்று கத்திச் சிரித்த டூயி, அவர்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போனான். மோட்டார் சத்தம் வளைவு தாண்டித் தேய்ந்தது.

"லேட்டா விட்ட" என்றான் ஹாய்ட்.

அவள் வலையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள்.

"லேட்டாத்தான விட்ட?" இந்தத் தடவை அது குற்றச்சாட்டாக இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. கம்பைப் பலகையில் வைத்துவிட்டு வலது கையை இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். "சொல்லேன்டி."

லவீட்டா வலையைக் காலடியில் வைத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து அவன் கோப்பையில் காபி ஊற்றினாள். பாதி வந்தது. நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றி, அவன் வலது பக்கமாக நீட்டினாள்.

அவன் கோப்பையையே பார்த்தான். "பாதிக்கு மேல ஊத்திட்ட."

"ஆமா."

"எப்பவும் பாதிதான..."

"தெரியும்." அவள் கோப்பையை நீட்டியபடியே இருந்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன். யாருக்குன்னு கேப்பாங்க. உன் பேரச் சொல்லிருவேன், ஹாய்ட்."

படகின் அடியில் ஒரு கட்டை கரகரவென்று உரசிக்கொண்டு போனது. லவீட்டா அசையவில்லை.

ஹாய்ட் தொடைக்கு நடுவிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினான். விரல்கள் கோப்பையைத் தொட்டதுமே காபி அலம்பி அவள் மணிக்கட்டில் வழிந்தது. நல்ல சூடு. அவள் கோப்பையை விடவில்லை. அவனும் இழுக்கவில்லை.