பாடகர் குழுவின் இடம்

காஞ்சிபுரத்துத் தேவாலயம் ஒன்றில் ஞாயிறு ஆராதனைக்குக் காத்திருக்கிறேன். பாடுவோரையும், பீடத்தருகே அவர்கள் அமரும் பகுதியையும் ‘கொயர்’ என்றே அழைப்பது பழைய வழக்கம். இங்கோ அப்பகுதி வெறுமையாக இருக்கிறது. பாடகர் குழு கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறது. குழுத்தலைவி கிரேஸம்மாவிடம் காரணம் வினவுகிறேன்.

“முன்னால நின்னா எல்லாரும் எங்க பட்டுச் சேலையத்தான் பாத்துக்கினு இருக்காங்க சார். தறிக்காரங்க ஊராச்சே! கூட ஒருத்தரும் பாடறதில்ல. அதான் இன்னிக்கி பின்னால. இன்னிக்கும் ஜனங்க பாடலன்னா மறுபடி முன்னாலயே வரச் சொல்லிட்டாரு பாஸ்டரு.”

பாட்டு எழுகிறது. பார்ப்பதற்கு எதுவுமில்லாத சபை சற்றுத் தயங்கி, பின் ஒவ்வொருவராகப் பாடத் தொடங்குகிறது. அருகில் நிற்கும் நெசவாளர் என்னை முழங்கையால் இடிக்கிறார்.

“பாடுங்க சார், சும்மா நின்னுக்கினு இருக்கீங்களே!”

பொதுவிடத்தில் பாடியறியாத நான், கிரேஸம்மாவை முன்னிட்டு, அடுத்த சரணத்தில் சேர்ந்துகொள்கிறேன்.