என் வகுப்பில் ஒரே ஒருத்தி

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் நடத்துவது சம்பளம், லீவு, மாற்றல் எதுவும் இல்லாத டீச்சர் வேலை. என்னைப் போல இதில் துணிந்து இறங்கிவிட்டு, விடிவதற்கு முன்பே "இன்றைக்கு என்னத்தை நடத்துவது?" என்று கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பவர்களே, உங்களோடு கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

வளைவுகள்

நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஸ்கூல் டவுனில். நடுவில் இருப்பதெல்லாம் வளைவுதான். என் மகள் யாழினிக்குப் பத்து வயது. வேன் நாலு வளைவு திரும்புவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். மருந்து கொடுத்தால் வகுப்பில் தூங்கினாள். கொடுக்காவிட்டால் சீருடையை நனைத்துக்கொண்டு வந்தாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, முறைப்படி அனுமதி வாங்கி வீட்டிலேயே நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நாளிலேயே கன்னத்தில் சதை பிடித்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செய்தது சரிதானா என்ற குடைச்சலும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. வருடக் கடைசிக்குள் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு சொல்லியாக வேண்டும். தோட்டத்து லோரி ஓட்டும் என் கணவர் "உன் இஷ்டம்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேன்கார அண்ணன் மட்டும் மனம்விட்டுச் சொன்னார்: "நல்ல முடிவு தங்கச்சி. என் வேன் சீட்டு காஞ்சு ரொம்ப நாளாச்சு லா."

பலகைச் சுவர்

லயத்தில் வீட்டுக்கு வீடு பலகைதான் தடுப்பு. நான் இங்கே அதட்டினால் அங்கே குழந்தை அழும். பக்கத்து வீட்டுச் சரோஜா தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவள். அவள் தூக்கத்துக்கு நேராகத்தான் எங்கள் கணக்கு வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு பல நாளாக ஏழெட்டிலேயே நின்றது. நான் கத்த, யாழினி கூரையைப் பார்க்க, அந்தப் பக்கமிருந்து பலகையில் டொக் டொக்கென்று தட்டல்.

"அக்கா, ஏழ விட்டுட்டு எட்டுக்குப் போங்க லா. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு, அவளுக்குத்தான் ஆகல."

கியா பார்ம் கிளை

வாரத்தில் சில நாள், சுற்றுலாக்காரர்கள் கூடும் கியா பார்ம் சந்தையில் சோளம் விற்கும் கடையில் எனக்கு வேலை. மாணவியும் கூடவே வருவாள். லாபம் என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஸ்கூலில் தமிழில்கூட வாய் திறக்காதவள், இங்கே பக்கத்துக் கடை முதலாளியான தவுக்கேயிடம் சீனத்தில் வம்பளக்கிறாள், வருகிறவர்களிடம் மலாயில் பேரம் பேசுகிறாள். பெருமையாக இருக்கும். உடனே, பின்னங்கள் அப்படியே கிடக்கிறதே என்று மனம் வேறு பக்கம் ஓடும். எனக்கு நிம்மதியாக ஒரு சோளம் வேக வைக்க முடியாது.

ஒருநாள் ஈப்போவிலிருந்து வந்த அம்மா ஒருவர், "ஸ்கூல் இல்லையா கண்ணு? டீச்சர் யாரு?" என்று கேட்டார். யாழினி என்னைக் கை காட்டினாள். நான் அந்நேரம் கடையை மறைத்து நின்ற முட்டைக்கோஸ் லோரிக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சரே இவ்ளோ சத்தம் போட்டா, வகுப்பு அமைதியாத்தான் இருக்கும்."

நீலம்

லயத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து இறங்கியதும் ஸ்கூல் கதைதான். விளையாட்டுப் போட்டிக்காக எல்லாரையும் நிறவாரியாக இல்லம் என்ற பெயரில் அணி பிரித்திருந்தார்கள். "நீ எந்த இல்லம்?" என்று ஒருத்தி கேட்க, யாழினி யோசிக்காமல் "நீலம்" என்றாள். எங்கள் வீட்டில் இருப்பது ஓர் அறையும் அடுப்படியும். அதில் இல்லம் எங்கே பிரிப்பது?

போட்டி நாளன்று நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கூட்டிப்போகச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அப்பாவே எங்களை லோரியில் ஏற்றிக்கொண்டார். வழியில் வாந்தி. மறுபடியும் வாந்தி. திரும்பிவிடலாம் என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஓட்டுங்கப்பா" என்றாள்.

திடலில் என் கையை உதறிவிட்டு நேராக நீலக் கூடாரத்துக்குள் ஓடினாள். போட்டி எதிலும் ஓடவில்லை, குதிக்கவில்லை, அவளை யாரும் எதற்கும் கூப்பிடவும் இல்லை. தொண்டை கட்டும்வரை கத்தினாள். அவளிடமிருந்து நான் எதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. விளையாட்டு ஆசிரியர், நான் யாரென்று தெரியாமல், பக்கத்தில் வந்து நின்று சிரித்தார்.

"அந்த நீலச் சட்டப் புள்ளய பாருங்கம்மா. எங்க புள்ளைங்கள்லயே இவதான் நல்லா கத்துறா. எந்த வகுப்புன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல."

எல்லாப் பாடத்துக்கும் டீச்சராக என்னால் முடிந்தது; ஆனால் ஒரு கூடாரம் நிறையப் பிள்ளைகளாக மாற முடியாததால் அடுத்த வருடத்துக்கு ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இனிப் பகலெல்லாம் யாரை அதட்டுவது என்றுதான் தெரியவில்லை.