சைன் கோடும் ஏரியில் நட்ட கழியும்

எனக்குத் திரிகோணக் கணக்கில் வரும் சைன் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறி, அலுங்காமல் குலுங்காமல் போகிற அந்தக் கோட்டை உலகத்தில் யார் பார்த்தார்கள்? சென்னையில் இண்டர்மீடியட் பரீட்சையில் அதுதான் என் காலை வாரியது. இரண்டு விடை இருந்த சைன் கணக்குக்கு ஒன்றை மட்டும் எழுதினேன். மார்க் போயிற்று, ஃபெயில். அத்தா இதை நம்பவே இல்லை.

"கணக்குக்கு எங்கடா ரெண்டு விடை? சினிமாக் கொட்டாயில குந்திகினு இருந்துட்டு இங்க வந்து கதை வுடுறியா?"

பழவேற்காட்டில் எங்களுக்கு இறால் வியாபாரம். யார் கேட்டாலும் மகன் பாஸ் என்றே அத்தா சொல்லிவைத்திருந்தார். என்னை மட்டும் பார்க்கும்போதெல்லாம் முறைத்தார்.

மறுபடி எழுத வேண்டிய செப்டம்பர் பரீட்சைக்குள் அந்தக் கோடு மெய்யா பொய்யா என்று பார்த்துவிட நினைத்தேன். எங்கள் ஏரியில்தான் கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குகிறதே! மூங்கில் கழியில் அங்குலக் கோடு கீறி, படகுத்துறைக்குப் பக்கத்தில் நட்டேன். மணிக்கொரு தரம் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தால், சனியன், அதே கோடு!

மறுநாள் கழியைச் சுற்றி மீனவர்கள் நின்றார்கள். அத்தாவையும் துறைக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு அவர்களுக்குள் முறை உண்டு, பாடு என்பார்கள். முறை இல்லாதவன் கழி நட்டால் அந்த இடத்தைப் பிடிக்கிறான் என்று அர்த்தம். நட்டவன் வியாபாரி மகன் என்றால் கேட்கவே வேண்டாம்.

"இன்னா பாய், ஊட்ல குந்திகினே எங்க எடத்துல கை வெக்கிறியா?" என்று அவர்கள் தலைவர் அத்தாவைக் கேட்டார்.

தண்ணீரை அளந்து கோடு போடத்தான் நட்டேன் என்று கிராஃப் தாளைக் காட்டினேன்.

"தண்ணிய அளந்து யாருக்குக் குடுக்கப் போற, தம்பி?"

அவர் தன் தலைத்துண்டிலிருந்து ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கிழித்துக் கழியில் கட்டினார். "நாளைக்குத் தண்ணி இந்தத் துணிய எப்போ தொடும்? உன் கோட்டக் கேட்டுச் சொல்லு. பொய்யின்னா உங்கப்பா இனிமே இந்தத் தொறையில எறா எடுக்க முடியாது."

எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தத் துறையால்தான். நான் கிராஃப் தாளை விரித்து உட்கார்ந்தேன்.

துணி, நடு மட்டத்துக்கும் உச்சத்துக்கும் சரிபாதியில் இருந்தது. அப்படியென்றால் சைன் அரை, கோணம் முப்பது டிகிரி. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கான முப்பது டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். என் கோட்டின்படி மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏறுகிற தண்ணீர் நடு மட்டத்துக்கு வர வேண்டும். எட்டு மணி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபடியே எட்டு மணி வாக்கில் துணி நனைந்தது. அப்பாடா என்று நாஷ்டா சாப்பிட வீட்டுக்குப் போனேன். தலைவர் மட்டும் படகு நிழலில் உட்கார்ந்துகொண்டார். உச்சி வெயிலில் என்னையும் அத்தாவையும் கூப்பிட்டு அனுப்பினார். ஏறிய தண்ணீர் இறங்கி, மறுபடி அதே துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏறுறதச் சொன்ன, எறங்குறத ஏன் சொல்லல? எறங்கு தண்ணிலதான் எறா வரும். அத மட்டும் உங்கப்பாவுக்குன்னு முடிஞ்சி வெச்சிகினியா?"

நூற்றைம்பது டிகிரி! அங்கேயும் சைன் அரைதானே, பாவி! மறந்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

அத்தா கழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, இவன் மறைக்கல. மெட்ராஸ்லயும் இப்டித்தான் ஒரு விடைய மட்டும் எழுதிட்டு வந்தான். ஃபெயிலு. பாஸுன்னு ஊர் பூரா பொய் சொன்னது நான்தான்."

 தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, களவாணின்னு பாத்தா, மக்கு!" கழியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது.

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தா மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டா, அப்போ நீ நெசமாவே சினிமாவுக்குப் போவலியா?"