மெழுகுவத்திப் பாடம்

திருவொற்றியூரில் எங்கள் சபையின் சண்டே ஸ்கூலுக்கு இருபத்தாறு வருஷமாக ரெஜினா அக்காதான் டீச்சர். நரகப் பாடம் நடத்தும்போது மெழுகுவத்தியைக் கொளுத்தி, எங்கள் விரலைப் பிடித்துச் சுடரில் காட்டுவாள். "ஒரு செகண்டு தாங்கல இல்ல? அங்க இது முடியவே முடியாது" என்பாள். இதெல்லாம் ஒரு பாடமா? தன் மகன் சாலமோனைக்கூட அவள் விட்டதில்லை.

வளர்ந்ததும் சாலமோன் சபைப் பக்கமே வரவில்லை. போன மாசம் எண்ணூரில் அவன் வேலை பார்த்த இரும்புப் பட்டறையில் உலை வெடித்தது. உடம்பெல்லாம் வெந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் அலறிக் கிடந்து செத்தான்.

அடக்கம் முடிந்ததும் பாஸ்டர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "மனந்திரும்பாம போய்ட்டானே சிஸ்டர். இனி நித்திய அக்கினிதான்" என்றார்.

"கடைசில ஆண்டவர் எல்லாரையும் தன்னாண்ட சேர்த்துப்பாருன்னும் பைபிள்ல கீதே பாஸ்டர்?" என்றாள் ரெஜினா அக்கா.

"அதுக்கு அர்த்தம் வேற. நீங்களே பிள்ளைங்களுக்கு நடத்தின பாடம்தானே?"

"நடத்தினேன். ஆஸ்பத்திரில 'அம்மா, இது முடியுமா?'ன்னு கேட்டான். முடிஞ்சிடும் கண்ணுன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். உங்க ஆண்டவர் என்னைப் பொய்க்காரி ஆக்குறதா இருந்தா, அவனாண்டயே என்னையும் போடச் சொல்லுங்க."