என் ரத்தம் வேண்டாமாம்!

இரண்டு வருடங்களுக்கு முன்பு குன்றத்தூரில் நடந்தது இது. நானும் என் மனைவியும் ஒரகடத்தில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்கிறோம். அவளுக்குக் கார் ஒயர்களைக் கட்டும் லைன். தலையில் தொப்பி கட்டாயம்.

திடீரென்று அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து தொப்பியைக் கழற்றினால் உள்ளே கொத்தாக முடி. கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று தொப்பியோடே பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். என் எதிரில்கூடத் தலை வாரமாட்டாள். ஒருநாள், "நான் வேலைய வுட்டுர்றேன்" என்றாள். லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுப்பதே அவள்தான். எனக்குத் தாங்கவில்லை.

போனில் தேடினேன். ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, தெளிந்து வரும் மஞ்சள் நீரைத் தலையில் ஊசியாகப் போடுகிற பிஆர்பி பற்றி ஒரு வீடியோ வந்தது. பாதிதான் பார்த்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தோல் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டேன்.

டாக்டரம்மா பேச ஆரம்பிப்பதற்குள் சட்டைக் கையை மடித்து நீட்டினேன். "அவளுக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் மேடம். என்கிட்ட எடுத்துக்குங்க. ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்புதான்."

"யோவ், இன்னாய்யா நீ! என் தலைக்கு என் ரத்தத்ததான்யா எடுப்பாங்க. அந்த வீடியோவ நானும் பாத்துக்கீறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள் என் மனைவி. அவள் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "சிலருக்கு இந்த பிஆர்பில முடி கொஞ்சம் அடர்த்தியாகியிருக்கும்மா. ஒரு மாத்தமும் தெரியாதவங்களும் உண்டு. ஆராய்ச்சியெல்லாம் சின்னச் சின்னதா, ஆளுக்கொரு முறையில செஞ்சிருக்காங்க. கண்டிப்பா வளரும்னு நான் சொன்னா அது பொய். முதல்ல ஏன் கொட்டுதுன்னு பாப்போம்."

ரத்தப் பரிசோதனைக்கு அவள் கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயங்கவில்லை. இரும்புச்சத்து மிகவும் குறைவு என்று ரிசல்ட் வந்தது. மாத்திரை ஆரம்பித்தாள், சாப்பாடும் மாறியது. ஆறேழு மாதத்தில் கொட்டுவது குறைந்தது. வகிடு இன்னும் கொஞ்சம் அகலம்தான். ஆனால் வேலையை விடவில்லை. பிஆர்பி பற்றி அவளும் பிறகு கேட்கவில்லை.

தெரிந்ததையும் தெரியாததையும் மறைக்காமல் சொன்ன அந்த டாக்டரம்மாவை நினைக்கும்போதெல்லாம், பிரியத்தில் செய்வதாக நினைத்து அவளைக் கேட்காமலே நான் எடுத்த முடிவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகு அவள் விஷயம் எதுவானாலும் முதலில் அவளிடம்தான் கேட்கிறேன்.