வலது கைக்கு வாங்கிய கையுறை

என் மனைவியின் அண்ணனை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. நான் வாய் திறக்காதவன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட மணியை அடிக்க வேறு யாராவது எழும்புகிறார்களா என்று பார்ப்பேன். பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு, கண்டியில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்கிறேன். அவர் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஹந்தானைக்கு ஏறும் வழியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். இருப்பதில் நல்ல கதிரையில் உட்கார்ந்து, வீட்டில் என்ன சரியில்லை என்று பார்க்கத் தொடங்குவார்.

அவர் கண்ணுக்கு எல்லாவற்றையும்விடச் சரியில்லாமல் பட்டது என் மகளின் இடது கை.

அவளுக்கு எல்லாம் இடது கைதான். கோயிலில் ஏடு தொடக்கியபோது, தாய்மாமன் என்ற முறையில் அவர்தான் அவளை மடியில் வைத்துக்கொண்டார். தட்டில் பரப்பிய அரிசியில் அவள் இடது விரலை நீட்டினாள். அவர் பட்டென்று தட்டிவிட்டு வலது விரலைப் பிடித்து எழுதினார். அதற்குப் பிறகு பல மாதங்கள், அவர் சொன்னபடி, சாப்பிடும்போதும் எழுதும்போதும் என் மனைவி பிள்ளையின் இடது கையை ஒரு துணித் துண்டால் பாவாடை நாடாவோடு கட்டிவைத்தாள். நான் வேலை முடிந்து வந்து அந்தக் கட்டை அவிழ்ப்பேன். கட்ட வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

இப்போது அவள் வலது கையால் எழுதுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் மட்டை பிடிக்கும்போது இடது கை ஆட்டக்காரியாகத்தான் நிற்பாள். அதை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்குக் கீழே பாதையில் பையன்களோடு மென்பந்தில் விளையாடி அவளாகவே பழகிக்கொண்டாள்.

பதினொரு வயதில் பாடசாலையின் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு அவளைப் பார்த்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை முதல் லெதர் பந்தில் பயிற்சி. தலைக்கவசம் பாடசாலையில் இருக்கிறது, மற்றவற்றைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், ஒரு மாதத்தில் முதல் போட்டி. பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்: நாலாம் இலக்க மட்டை, கால் காப்பு, இடது கை ஆட்டக்காரர் அணியும் கையுறை. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை அரை நாள் லீவு எடுத்தேன்.

விஷயம் மனைவி வழியாக மச்சானுக்குப் போய்விட்டது. குட்ஷெட் பஸ் நிலையத்தில் நானும் மகளும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னா மாப்ள, மாமன்காரன் உசுரோட இருக்கேன்ல. காது குத்துனப்போ என் மடியில உக்காந்த புள்ள. மொத பேட்டும் நான்தான் வாங்கிக் குடுப்பேன்."

"நானே வாங்கலாம்னு..." என்றேன்.

"நீங்க பின்னாடி வாங்க."

பின்னால் போனேன்.

விளையாட்டுச் சாமான் கடையை நடத்துபவர் வயதான முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். அவர் நாலாம் இலக்க மட்டை ஒன்றை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். அவள் அதைப் பிடித்துத் தரையில் தட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மச்சான் அதை வாங்கி, தன் கடையில் தேங்காய் பார்ப்பதுபோல விரல் கணுவால் சுண்டிக் கேட்டார்.

"இது சின்னப் புள்ளைக வெளையாடுறது. வளர்ற புள்ள. ரெண்டு நம்பர் கூட்டி எடுங்க நானா."

"பாரம் கூட. மகளுக்குத் தூக்க ஏலாம போகும்."

"சப்பாத்து வாங்குறப்ப கூட்டித்தானே வாங்குறோம்? யூனிபோமும் அப்புடித்தான். மூணு வருசம் கெடக்கட்டும்."

நானா பெருமூச்சு விட்டுப் பெரிய மட்டையை எடுத்து வைத்தார். பிறகு கையுறைப் பெட்டிகள் இருக்கும் தட்டுக்குத் திரும்பினார். "மகள் எந்தக் கையால அடிக்கிற?"

மகள் வாய் திறப்பதற்குள் மச்சான் சொன்னார்: "சோத்தாங்கைக்கே குடுங்க."

"மாமா, நான் லெப்ட்," என்றாள் மகள்.

"அதெல்லாம் நாலு நாளு ஆடுனா மாறிரும். எழுத்தே மாறலையா? மொதமொதல்ல வாங்குற சாமான். பீச்சாங்கைக்குன்னு கேட்டு வாங்குனா வெளங்குமா?"

நானா என்னைப் பார்த்தார். "புள்ளட அப்பா நீங்கதானே? கை மாறினா விரலுக்குக் காவல் இல்ல. கீழ புடிக்கிற கை விரலுக்குத்தான் தடிப்பமா வெச்சுத் தச்சிருக்கிற. நீங்க சொல்லுங்க."

மகளும் என்னைப் பார்த்தாள். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும், பேசக்கூட வேண்டியதில்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். மச்சான் சிரித்துக்கொண்டு என் தோளில் கை போட்டிருந்தார்.

"மச்சான் சொல்றபடி குடுங்க," என்றேன்.

மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். பொதி கட்டும்போது நானா என்னிடம் மட்டும் சொன்னார்: "பாவிக்காம புதுசாவே கொண்டுவந்தா மாத்தித் தாறன்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் மாற்றிவிடலாம், மச்சானுக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்தேன். இதுதான் என் வழி. நேரே நின்று சொல்ல முடியாததைப் பின்னால் போய்ச் சரிசெய்யப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சவரம் செய்துகொண்டு வருவதற்குள் மச்சான் வந்திருந்தார். மட்டையும் கையுறையும் கால் காப்பும் சாமிப் படத்துக்கு முன்னால் பரப்பியிருந்தன. புது இயந்திரத்துக்கு, புது வாகனத்துக்குச் செய்வதுபோல எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். வெள்ளைக் கையுறையின் ஒவ்வொரு விரலிலும் ஒரு பொட்டு. ஈரத்துணியால் துடைத்தேன். சிவப்பு இன்னும் பரவி, தோலுக்குள் இறங்கிவிட்டது.

"ஏன் மாப்ள தொடைக்கிறீங்க? சாமி சாமான் அது," என்றார்.

இனி யார் அதை மாற்றித் தருவார்கள்?

திங்கட்கிழமை பிற்பகல் அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. மகளின் இடது ஆட்காட்டி விரலில் பந்து பட்டுவிட்டது. பெரிய மட்டையைப் பாதிக் கைப்பிடியில் பிடித்து நின்றிருக்கிறாள், உயர்ந்து வந்த பந்துக்கு அதை நேரத்துக்குத் தூக்க முடியவில்லை. பந்து நேரே கையுறையின் அந்த மெல்லிய விரலில். நான் வேலை செய்யும் இயந்திரத்தில் கத்திக்கு முன்னால் ஒரு தடுப்பு உண்டு. அதைக் கழற்றிவிட்டு வெட்டச் சொன்னால் முதலாளியிடம்கூட நான் முடியாது என்பேன். அன்று வைத்தியசாலைக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தடுப்புதான் ஞாபகத்தில் இருந்தது.

விரல் நுனி எலும்பில் வெடிப்பு. நகம் பிளந்திருந்தது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், விளையாடக் கூடாது என்றார்கள். மகளைக் கூட்டிவந்திருந்த மிஸ் மர வாங்கிலிருந்து எழும்பி, குங்குமக் கறையோடு இருந்த கையுறையை என்னிடம் கொடுத்தார். சிங்களத்தில் படித்தவர், தமிழைத் தேடித் தேடிப் பேசுவார்.

"நான் எழுதிக் குடுத்தது தானே ஐயா? கோடு போட்டுத் தானே குடுத்தது?"

சனிக்கிழமை போட்ட அதே சட்டைதான். தாளைத் தொட்டுப் பார்த்தேன். அது அப்போதும் பையில்தான் இருந்தது.

அணியில் அவளுடைய இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அதை மகளிடம் மிஸ் சொல்லும்போது அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கதிரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார்.

"பாத்தியா புள்ள? எந்தக் கைல ஆடக்கூடாதுன்னு சொன்னேனோ அந்தக் கைலயே பட்டிருக்கு. சாமியே காட்டிருச்சு."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மனைவி தேத்தண்ணீரோடு வந்து நின்றாள். நான் அலுமாரியைத் திறந்து கையுறை இரண்டையும் எடுத்தேன். இடது கையால் அவற்றைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

எங்கள் ஆட்கள் இடது கையால் வெற்றிலைகூடக் கொடுப்பதில்லை. முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு என் கையைப் பார்த்தார். "கைய மாத்திக் குடுங்க மாப்ள," என்றார், குரல் தாழ்ந்து. நான் மாற்றவில்லை.

"என்னாங்க, அண்ணனுக்கா இப்புடிக் குடுக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா," என்றேன்.

நான் கையை இறக்கவில்லை. கடைசியில் அவர் எழும்பி, அவற்றை வாங்காமல், தேத்தண்ணீரையும் தொடாமல் படியிறங்கிப் போனார். அதன் பிறகு வரவில்லை. மகள் பெரிய பிள்ளையானபோது தாய்மாமன் செய்ய வேண்டியதை வேறொருவரை வைத்துச் செய்தோம். மனைவி அன்று முழுக்க அழுதாள். அவளுக்காக வருத்தப்பட்டேன். அவருக்காக இன்றுவரை ஒரு துளியும் வருத்தப்படவில்லை.

கட்டு அவிழ்த்த கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். "இடது கை. நாலாம் நம்பர் பேட்," என்றேன், கடைக்குள் கால் வைத்ததுமே. சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, ஒருவர் திரும்பிப் பார்த்தார். நானா கையுறைப் பெட்டியைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தார். அது அந்தச் சனிக்கிழமையும் அங்கேதான் இருந்திருக்கும்.

மகள் போட்டுப் பார்த்தாள். சற்று வளைந்துபோன அந்த விரலை உள்ளே நுழைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மட்டையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கே இப்புடிச் சொல்லியிருக்கலாம்ல?"

நானா பெட்டியை மூடுவதில் மும்முரமாக இருந்தார். மச்சானை வெறுத்ததுபோல அந்த நிமிடம் என்னையும் வெறுத்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே மட்டையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து தெருவுக்கு இறங்கினாள்.